ஓடையில் இறங்கும் முன்: வாசகர் கேள்வி – பதில்

மேல்நிலை வகுப்பு மாணவர்களைக் களப்பயணம் அழைத்துப் போவது பற்றி வந்த கேள்விகளில் ஐந்து இந்த இதழில்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களை வைத்து ஓர் ஓடையில் கரைந்த ஆக்சிஜனை அளந்தோம். கழிவுநீர் கலக்கும் இடத்துக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம். கீழேதான் குறைய வேண்டும். எங்களுக்கோ அங்கேதான் கூடுதலாக வந்தது. டைட்ரேஷனை (கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளப்பதை) மாலையில் ஆய்வகத்துக்கு வந்து செய்தோம். அதுதான் தவறா? – வேதியியல் ஆசிரியை

பதில்: டைட்ரேஷன் மாலையில் நடக்கலாம். ஆனால் விங்க்ளர் முறையில், அதாவது கரைந்த ஆக்சிஜனை வேதிப்பொருளால் பிடித்து அளக்கும் முறையில், ஆக்சிஜனை ஓடைக்கரையிலேயே பிடித்து நிறுத்திவிட வேண்டும். 300 மி.லி. பாட்டிலை நீருக்குள் அமிழ்த்தி, குமிழி இல்லாமல் நிரப்புங்கள். 2 மி.லி. மாங்கனீஸ் சல்ஃபேட், 2 மி.லி. காரம் கலந்த அயோடைடு கரைசல் இரண்டையும் பிப்பெட் முனை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி விட்டு, மூடி, பலமுறை கவிழ்த்துக் குலுக்குங்கள். பழுப்பு நிற வீழ்படிவு வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் இல்லை. அது அடியில் படிந்தபின் 2 மி.லி. அடர் கந்தக அமிலம். அமிலத்தை ஆசிரியர் மட்டுமே தொடட்டும், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. அதன்பின் இருட்டில் வைத்தால் சில மணி நேரம் தாங்கும்.

நீங்கள் இதைச் செய்யாமல் வெறும் நீரைக் கொண்டுவந்திருந்தால், பாக்டீரியா வழியெல்லாம் ஆக்சிஜனைத் தின்றிருக்கும். ஆனால் அப்படி நடந்திருந்தால் கழிவு கலந்த மாதிரியில்தான் இழப்பு அதிகமாக இருந்திருக்கும். உங்களுக்கு வந்தது நேர்மாறு. ஆகவே என் சந்தேகம் வேறு இடங்களில்.

முதலில் நேரம். மேலே காலை 8 மணிக்கும் கீழே மதியத்துக்கும் எடுத்தீர்களா? பாசியும் நீர்த்தாவரங்களும் வெயில் ஏற ஏற ஆக்சிஜனை விடும். அளவு விடியலுக்கு முன்தான் மிகக் குறைவு, பிற்பகலில் உச்சம். இரண்டு குழுவாகப் பிரிந்து ஒரே நேரத்தில் எடுங்கள். அடுத்தது இடம். மேலே தேங்கிய குட்டையிலும் கீழே கல் மேல் சலசலக்கும் நீரிலும் எடுத்தால், நீங்கள் ஒப்பிடுவது கழிவை அல்ல, சலசலப்பை. இன்னொன்று, கழிவு விழுந்த இடத்திலேயே ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போய்விடாது. பாக்டீரியா பெருக நேரம் வேண்டும். ஆக்சிஜன் மிகவும் குறையும் இடம் இன்னும் கீழே தள்ளித்தான் வரும். கீழே ஒரே இடம் போதாது, மூன்றாவது எடுங்கள்.

வெப்பநிலையைக் குறிக்காத அளவுக்கு மதிப்பில்லை. 20 டிகிரி செல்சியஸில் தூய நீர் லிட்டருக்குச் சுமார் 9.1 மி.கி. ஆக்சிஜனைத்தான் தாங்கும், 30 டிகிரியில் 7.5. ஆக, 7 மி.கி. என்ற அதே எண் குளிர்ந்த நீரில் தாங்கக்கூடியதில் 77 சதவீதம், வெதுவெதுப்பான நீரில் 93. மாணவர்களிடம் இந்த ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள், அரை மணி நேரம் விவாதம் ஓடும்.

கூடவே பூச்சிகளையும் பாருங்கள். நீர் அளவு அந்த நிமிடத்தைச் சொல்லும். கல்லடியில் வாழும் உயிர்கள் கடந்த பல வாரங்களைச் சொல்லும். வலையை நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் பிடித்து, அதற்கு முன்னால் மொத்தம் 3 நிமிடம் காலால் கிளறி, வெள்ளைத் தட்டில் கொட்டுங்கள். வால் இழை பெரும்பாலும் மூன்று, வயிற்றின் இருபுறமும் செவுள் துடித்தால் அது மே ஈயின் இளம்பருவம். வால் இரண்டே, வயிற்றில் செவுள் இல்லை என்றால் கல் ஈ. இரண்டும் அழுக்கைத் தாங்காதவை. ரத்தச் சிவப்பில் நெளிபவை ஹீமோகுளோபின் கொண்ட கொசு போன்ற ஈக்களின் புழுக்கள். ஆக்சிஜன் குறைந்தாலும் பிழைக்கும். ஆனால் சேற்றுக் குட்டையில் அவை இயல்பாகவே இருக்கும், பார்த்தவுடன் ‘மாசு’ என்று எழுதிவிட வேண்டாம். தும்பியின் இளம்பருவத்தைத் தனிக் கிண்ணத்தில் போடுங்கள். இல்லையென்றால் எண்ணி முடிப்பதற்குள் மற்றவற்றைத் தின்று உங்கள் கணக்கைக் குறைத்துவிடும்.

கிளறும் வேலையைக் கீழிருந்து மேலாகச் செய்யுங்கள். மேலே கிளறிய சேறு கீழே இருப்பவர் பாட்டிலுக்குள் போகும்.

கேள்வி: 24 மாணவர்கள், 10 கி.மீ. நடை, 600 மீட்டர் ஏற்றம். மூன்று மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டேன், இருட்டிவிட்டது. எங்கே பிசகியது? – உடற்கல்வி ஆசிரியர்

பதில்: உங்கள் மூன்று மணி நேரம் நேஸ்மித் விதிப்படி சரி. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நேஸ்மித் 1892-இல் சொன்னது: தட்டையில் மணிக்குச் சுமார் 5 கி.மீ., ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். அது பழகிய ஆள் நிற்காமல் நடக்கும் கணக்கு. பையோடு வரும் பதினேழு வயதுக் கூட்டத்துக்கு ஒன்றரை மடங்கு போடுங்கள்: நாலரை. மணிக்குப் பத்து நிமிடம் ஓய்வு, சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் ஆறு. இரண்டு மணி நேரக் களவேலையும் இருந்தால் எட்டு.

எந்த விதியிலும் இல்லாதது வரிசை. ஒருவர் மட்டுமே கடக்கக்கூடிய ஒரு பாறைச் சந்தில் தலைக்கு ஒரு நிமிடம் என்றாலும் 24 நிமிடம். மெதுவாக நடப்பவரைக் கடைசியில் விடாதீர்கள். அவர் வந்து சேரும்போது முன்னால் போனவர்கள் ஓய்வு முடித்துக் கிளம்புவார்கள், அவருக்கு ஓய்வே கிடைக்காது. வழிகாட்டிக்கு அடுத்த இடம் அவருக்கு. பெரியவர் ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். திரும்பும் நேரத்தைக் காலையிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். அந்த மணி அடித்தால், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்ப வேண்டியதுதான்.

கேள்வி: கழிப்பறை இல்லாத இடத்தில் இரண்டு இரவு. மகள் போகத் தயங்குகிறாள், மாதவிடாய் நாளும் வருகிறது. – ஒரு தாய்

பதில்: தயக்கம் நியாயமானது. பொறுப்பாளர்கள் இதைக் கிளம்பும் முன்பே வெளிப்படையாகப் பேச வேண்டும், பெண் ஆசிரியர் ஒருவர் கூட இருக்க வேண்டும். தோண்ட அனுமதி உள்ள இடமாக இருந்தால், நீர்நிலை, பாதை, முகாம் மூன்றிலிருந்தும் 60 மீட்டர், அதாவது எழுபது எண்பது எட்டுத் தள்ளி, 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் குழி. அந்த மேல்மண்ணில்தான் மட்கவைக்கும் உயிர்கள் அதிகம். இன்னும் ஆழம் போனால் மட்காமல் கிடக்கும். நாப்கினைப் புதைக்கக் கூடாது. மட்காது, விலங்குகள் தோண்டி எடுத்துவிடும். உள்ளே தெரியாத, இறுக்கி மூடும் பை இரண்டு கொடுத்தனுப்புங்கள். ஒன்றுக்குள் ஒன்று வைத்துத் திருப்பிக் கொண்டுவரலாம். சிறு மண்வாரி, காகிதம், சோப்பு எல்லாம் ஒரே பையில் பொது இடத்தில் தொங்கட்டும். பை இல்லையென்றால் யாரோ போயிருக்கிறார்கள் என்று அர்த்தம், யாரிடமும் கேட்க வேண்டாம். திரும்பியதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முகாமில் வயிற்றுப்போக்கு வந்தால் எல்லோரும் தண்ணீரைத்தான் குறை சொல்வார்கள். கழுவாத கை அதற்குச் சளைத்ததல்ல. அழுக்குக் கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது.

கேள்வி: இடி இடித்தால் கூடாரத்துக்குள் போய்விடலாமா? – பதினோராம் வகுப்பு மாணவர்

பதில்: கூடாது. துணி கூடாரம் மழைக்குத்தான். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவென்றால் மின்னல் சுமார் 10 கி.மீ.க்குள் இருக்கிறது, சுவருள்ள கட்டடமோ, உலோகக் கூரை போட்டு மூடிய வண்டியோதான் இடம். தனி மரத்தடி வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள்.

கேள்வி: களக்குறிப்பேட்டுக்குப் பேனாவா, பென்சிலா? – மாணவி

பதில்: பென்சில். பெரும்பாலான பேனா மை நனைந்தால் பரவிவிடும், கிராஃபைட் கரையாது. தவறாக எழுதியதை அழிக்காமல் ஒரே கோடாக அடியுங்கள், பிறகு அதுவே சரியாக இருந்திருக்கலாம். பக்கத்தின் மேலே தேதி, நேரம், இடம், வானிலை. கல் ஈ ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடாமல் 0 என்று எழுதுங்கள். 0 என்றால் தேடினேன், இல்லை. காலி என்றால் தேடினீர்களா என்பதே தெரியாது.