பீரோவை நகர்த்தும்போது முதல் தள்ளு மட்டும் ஏன் இவ்வளவு கஷ்டம்?

காரணம் உராய்வு. ஒன்றோடு ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரு பரப்புகள், ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதைத் தடுக்கும் விசை அது. பொருள் அசையாமல் நிற்கும்போது ஒரு வகை உராய்வு (நிலை உராய்வு), நகரும்போது இன்னொரு வகை (இயக்க உராய்வு). பொதுவாக முதலாவதின் உச்ச அளவுதான் பெரியது.

மரத்தின்மேல் மரம் என்றால், நகர்த்தத் தொடங்க எடையில் ஏறத்தாழ பாதி விசை வேண்டும். நகர்ந்த பிறகு 0.3 பங்கு போதும். மரத்தரையில் 100 கிலோ மரபீரோவுக்கு இது சுமார் 490 நியூட்டன் (விசையின் அலகு; ஒரு கிலோவின் எடை சுமார் 9.8 நியூட்டன்), அப்புறம் 290.

ஏன் இப்படி? வழவழப்பாகத் தெரியும் தரைகூட நுண்ணிய அளவில் மேடுபள்ளம்தான். பீரோவின் காலும் தரையும் அந்த மேட்டு முனைகளில் மட்டுமே உண்மையில் தொடுகின்றன. சும்மா நிற்கும்போது எடை அழுத்தி அழுத்தி, முனைகள் நன்றாகப் படிந்து ஒட்டிக்கொள்கின்றன. இரண்டு பிரஷ்களை முடியோடு முடியாக அழுத்தி இழுத்துப் பாருங்கள்: பிடிப்பு விடும்வரை முரண்டு பிடிக்கும், பிறகு சரசரவென்று போகும். நகரும் பீரோவில் முனைகளுக்கு அப்படிப் படிய நேரமே கிடைப்பதில்லை. அதனால், நகரத் தொடங்கிய பீரோவை வழியில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் தள்ளுவதே நல்லது.

தள்ளியும் பீரோ அசையவில்லை என்றால் உராய்வு நம் விசையைவிடப் பெரியது என்று பலர் நினைக்கிறார்கள்; அப்போது இரண்டும் சமம்தான், உராய்வு பெரிதாக இருந்தால் பீரோ நம்மை நோக்கியல்லவா வந்திருக்கும்!