கேட்ல லைசென்ஸ் காட்டு, குடுத்துட்டு வராதே

தம்பி, உன் பதிவுல காரிமங்கலம்னு பாத்ததும் விட்டுட்டுப் போக மனசு வரல. நான் பாலக்கோட்டுக்காரன், இப்போ கனடாவுல பிராம்டன்ல லாரி ஓட்டுறேன். பெரிய டிரெய்லர் ஓட்டுற ஏ-இசட் லைசென்ஸ் உன் கைக்கு வந்துடுச்சு, அடுத்த வாரம் வண்டி ஏறப் போற. லோடு ஏத்துற இடத்துலயும் இறக்குற இடத்துலயும் லைசென்ஸ் வாங்கிப் போட்டோ எடுக்குறாங்களாமே, நம்மளத் திருடன் மாதிரி பாக்குறாங்களான்னு கேட்டிருக்க. வாடகை, குளிர் பத்தியும் கேட்டிருக்க. அதுக்குப் பதில் சொல்ல நூறு பேர் இருக்காங்க, விடு.

ரோஷப்படாம காட்டு. ஊர்ப் பழக்கத்துல நமக்கு இது உறுத்தும், எனக்குத் தெரியும். 2017 ஜூலையில ஜிஎஸ்டி வர்ற வரைக்கும் ஓசூர் பக்கம் ஜூஜூவாடி செக்போஸ்ட்ல சரக்கு பில்லைத்தான் துருவுவாங்க. ஓட்டுறது முருகனா முனுசாமியான்னு எவனுக்குக் கவலை? சீசன்ல பெங்களூரா மாங்கா ஏத்திக்கிட்டுக் கூழ் ஃபேக்டரி வாசல்ல வரிசை கட்டி நிப்போமே, அங்கயும் வண்டி நம்பரையும் செல் நம்பரையும் எழுதிக்கிட்டு உள்ள விட்டுடுவாங்க.

இங்க சரக்குக்காரனுக்கு உன் கம்பெனியைத் தெரியாது. நடுவுல புரோக்கர். ஒரு நல்ல கம்பெனி பேரைச் சொல்லி எவனோ லோடைப் பிடிப்பான், சொன்ன நேரத்துக்கு வண்டியோட வருவான், டிரெய்லரோட மறைஞ்சிடுவான். பூட்டு உடைக்கிற வேலையே இல்ல. நம்ம பக்கத்துலயே, டொராண்டோ பியர்சன் ஏர்போர்ட் சரக்குக் கிடங்குல 2023 ஏப்ரல் 17 அன்னைக்கு இதான் நடந்துச்சு. முந்தின நாளே டெலிவரி ஆன மீன் சரக்கோட ரசீதைக் காட்டி ஒருத்தன் 400 கிலோ தங்கத்தை டிரக்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டான். மதிப்பு 2 கோடி டாலருக்கு மேல. லோடு காணாமப் போனா முதல்ல கூப்பிட்டு விசாரிக்கிறது டிரைவரைத்தான். உன் பேரும் பிக்அப் நம்பரும் சீல் நம்பரும் சரியாப் பதிவாகியிருந்தா உனக்குத்தான் நல்லது.

ஆனா கார்டை அங்க விட்டுட்டு உள்ள போகாத. சில கேட்ல "திரும்பி வரும்போது வாங்கிக்கோ"ன்னு கேட்டு வெச்சுக்குவாங்க. நம்ம ஒண்டாரியோ மாகாணத்துல வண்டி ஓட்டும்போது லைசென்ஸ் கையில இருக்கணும், போலீஸ் கேட்டா எடுத்துக் குடுக்கணும், அது சட்டம். நான் வந்த புதுசுல, ஜனவரி ராத்திரி, ஒரு குளிர்பதனக் கிடங்குல என் கார்டை வாங்கி டிராயர்ல போட்டான் ஒரு செக்யூரிட்டி. லோடு இறங்கி வர்றதுக்குள்ள ஷிஃப்ட் மாறிடுச்சு. புதுசா வந்தவன் "இங்க எதுவும் இல்ல"ன்னு ஒரே போடாப் போட்டான். மூக்குல தண்ணி உறைஞ்சு நிக்கிறேன், கம்பெனியிலருந்து வண்டியை அனுப்பி வைக்கிற டிஸ்பாட்சர் போன் எடுக்கல. பழைய ஆளை வீட்லருந்து எழுப்பிக் கேட்டதுக்கு அப்புறம்தான் டிராயர் சாவி வந்துச்சு. அந்தக் காத்திருப்புக்குக் காசும் வரல. ரெண்டு மணி நேரத்துக்கு மேல நின்னா பணம் உண்டுன்னு பேச்சுக்குச் சொல்வாங்க, டிரைவர் கைக்கு அது வந்து சேர்றது அபூர்வம். இதைப் பத்தி எழுத ஆரம்பிச்சா எனக்கு விடிஞ்சிடும்.

அதனால ஜன்னல்ல நீட்டு, அவங்க எழுதிக்கட்டும், திரும்ப வாங்கு. "என்கிட்டயே இருக்கணும், நம்பரைக் குறிச்சுக்குங்க"ன்னு மரியாதையாச் சொன்னா பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. ஒத்துக்கலன்னா டிஸ்பாட்சரைப் பேசச் சொல்லு. போட்டோ எடுக்குறது எனக்கும் பிடிக்காது. அட்டையில வீட்டு விலாசம், பிறந்த தேதி எல்லாம் இருக்கு. கம்பெனி கேமராவா, அந்த ஆளோட சொந்த செல்லான்னு பாரு. சொந்த செல்லுன்னா முகத்துக்கு நேராவே மறுத்துடு.

பாஸ்போர்ட்டை அடமானம் மாதிரி எந்த கேட்லயும் குடுக்காத, அது அமெரிக்கா பார்டர்ல ஆபீசருக்குக் காட்டுறதுக்கு. வொர்க் பர்மிட்டும் கேட்காரனுக்கு வேண்டியதில்ல. வேலைக்கும் வரிக்கும் அரசாங்கம் குடுக்குற சின் நம்பரை கேட்ல எவன் கேட்டாலும் சொல்லாத. உன்னுது ஒன்பதுல ஆரம்பிக்கும், தற்காலிகமா வந்தவன்னு அதுலயே தெரிஞ்சிடும். புதுசா வந்தவன்னு தெரிஞ்சா ஏச்சுப் பிழைக்கிறவன் மோப்பம் பிடிச்சு வருவான்.

அதுல நம்ம ஆளுங்களும் இருக்காங்க, மறைக்க என்ன இருக்கு. "என் லைசென்ஸைக் காட்டி நீ ஒரு டிரிப் அடி, பாதிப் பாதி"ன்னு ஒருத்தன் கண்டிப்பா வருவான். உன்னைத் தனிக் கம்பெனியாப் பதிவு பண்ணச் சொல்லி, லீவு காசு, இன்சூரன்ஸ் எல்லாத்துலயும் கை கழுவுற முதலாளியும் வருவான். ரெண்டு பேரும் "தம்பி தம்பி"ன்னுதான் பேசுவாங்க. அதுக்கு பஞ்சாபி டிரைவருங்க மேல். எந்தக் கிடங்குல எந்தக் கதவு, எங்க கடுப்படிப்பான்னு கேக்காமலே சொல்வாங்க. எனக்கு முதல்ல சூடா டீ ஊத்திக் குடுத்து, டயருக்குச் செயின் மாட்டக் கத்துக் குடுத்தது லூதியானாக்காரர் ஒருத்தர். தொப்பூர் கணவாயில டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல இறக்குறவங்க நடுவுல, கியர்லயே இறங்கிப் பழகினவன் நான். இருந்தும் பிரிட்டிஷ் கொலம்பியாவுல கோக்கிஹாலா மலை ரோட்டு இறக்கத்துல பனியைப் பாத்ததும் என் கால் நடுங்கினதை அவருதான் பாத்தாரு. யார்கிட்டயும் சொல்லல. இப்போ அந்த ரோட்ல நான் முன்னாடி போறேன், புதுசா வந்த பசங்க பின்னாடி வர்றாங்க.

சம்பளம் கேட்டிருந்த. மைலுக்கு எவ்வளவு, காத்திருந்தா எவ்வளவு, ரெண்டையும் எழுத்துல வாங்கிட்டு அப்புறம் சாவியைத் தொடு.