கரடுமுரடான பாதைக்கு எந்த ஜாக்கி? – வாசகர் கேள்வி பதில்

நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டிகளை மலைப்பாதையிலும் மணலிலும் ஓட்டும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், ஜாக்கி தொடர்பானவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: அண்மையில் மஹிந்திரா தார் வாங்கினேன். தோட்டத்துச் சாலைகளிலும் மழைக்காலச் சேற்றிலும் ஓட்ட வேண்டியிருக்கிறது. உதிரிபாகக் கடையில் 48 அங்குல ஹை-லிஃப்ட் ஜாக்கியை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். அது எனக்குத் தேவைதானா?
– வாசகர், கூடலூர்

பதில்: உங்கள் வண்டிக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து. கடைக்காரர் சொன்ன ஜாக்கி மோசமானது என்பதல்ல காரணம். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள புளூம்ஃபீல்டு என்ற ஊரில் 1905 முதல் செய்யப்பட்டுவரும் அந்த ஜாக்கி, வரிசையாகத் துளையிட்ட இரும்புக் கம்பத்தில் ஒரு பொறி படிப்படியாக ஏறி இறங்கும்படி அமைந்த நல்ல பண்ணைக் கருவி. ஆனால் அந்தப் பொறியிலிருந்து நீண்டிருக்கும் மூக்கு வண்டியைத் தூக்க வேண்டுமானால், பம்பரிலோ பக்கவாட்டிலோ வண்டியின் எடையைத் தாங்கக்கூடிய இரும்பு விளிம்பு ஒன்று இருந்தாக வேண்டும். இன்று விற்பனைக்கு வரும் பெரும்பாலான வண்டிகளில் பம்பர் பிளாஸ்டிக்கால் ஆனது. அதில் மூக்கைக் கொடுத்து அழுத்தினால் பம்பர்தான் பெயர்ந்து வரும். இதற்காகவே முன்பக்கம் கனமான இரும்புக் காப்புக் குழாய்களைப் பொருத்திக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அதையும் ஏற்காதீர்கள். அத்தகைய காப்புகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு முரணானவை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநில அரசுகளுக்கு எழுதியிருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. என்னைக் கேட்டால் அதுவே முக்கியமானது. பம்பரையோ சேசிஸையோ (வண்டியின் அடிச்சட்டத்தையோ) பிடித்துத் தூக்கும்போது முதலில் எழுவது வண்டியின் உடல்தானே தவிர, சக்கரம் அல்ல. ஸ்பிரிங் முழுவதும் நீண்டு தொங்கி முடிந்த பிறகுதான் டயர் தரையை விட்டு எழும்பும். அதற்குள் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒற்றைக் கம்பத்தின் மேல் ஆபத்தான உயரத்தில் நின்றுகொண்டிருக்கும். ஜாக்கியை ஆக்சிலுக்கு, அதாவது இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் அச்சுக்கு, அடியில் கொடுத்தாலோ சில அங்குலம் தூக்கினால் போதும், டயர் தரையை விட்டு எழும்பிவிடும். உங்கள் வண்டியில் பின்பக்கம் முழு ஆக்சில் இருப்பதால் அங்கே இது எளிது. முன்பக்கத்தில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாகத் தொங்குவதால், கையேட்டில் காட்டியிருக்கும் இடங்களில் மட்டுமே ஜாக்கியை வைக்க வேண்டும்.

எனவே நீங்கள் வாங்க வேண்டியது எண்ணெய் அழுத்தத்தால் தண்டை உயர்த்தும், பாட்டில் வடிவிலான தரமான ஹைட்ராலிக் பாட்டில் ஜாக்கி ஒன்று. இங்கேயும் பலர் செய்யும் பிழை, டன் கணக்கை மட்டும் பார்த்துப் பத்து டன், இருபது டன் என்று தூக்கி வருவது. ஒரு சக்கரத்தை எழுப்பும்போது ஜாக்கியின் மேல் வருவது வண்டி எடையில் ஏறத்தாழ கால் பங்கு, சரிவில் நின்றால் சற்றுக் கூடுதல். மூன்று டன் என்று குறித்த ஜாக்கி தாராளமாகத் தாங்கும். பார்க்க வேண்டியது அதன் தாழ்ந்த உயரத்தை, அதாவது முழுவதும் இறக்கிய நிலையில் அது எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதைத்தான். தாரின் 255/65 ஆர் 18 டயரில் பக்கச் சுவரின் உயரம் மட்டும் 166 மி.மீ. அந்த டயரில் காற்று அறவே போய்விட்டால் ஆக்சில் ஏறத்தாழ 10 செ.மீ. கீழே இறங்கிவிடும். அடியில் நீங்கள் வைக்கும் பலகை 2 செ.மீ. எடுத்துக்கொள்ளும், சக்கரம் சேற்றில் புதைந்திருந்தால் மேலும் சில செ.மீ. போய்விடும். கடையில் பார்க்கும்போது குட்டையாகத் தெரிந்த ஜாக்கி அந்த இடத்தில் நுழையாது.

ஆகவே வாங்குவதற்கு முன் வீட்டு வாசலிலேயே ஒரு பின்சக்கரத்தின் வால்வு ஊசியைக் கழற்றி, காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, ஆக்சில் குழாய்க்கும் தரைக்கும் இடையே அளவுநாடாவை வைத்து அளந்து பாருங்கள். கிடைக்கும் அளவிலிருந்து 4 செ.மீ. கழித்துக்கொண்டு, அதற்குள் நிற்கக்கூடிய ஜாக்கியைத் தேர்ந்தெடுங்கள். தலைப்பகுதியில் கையால் திருகி உயர்த்தக்கூடிய திருகாணி இருந்தால் மிகவும் நல்லது. வண்டியோடு வந்த ஜாக்கியையும் வீட்டில் விட்டுவிடாதீர்கள். பாட்டில் ஜாக்கி நுழையாத இடத்தில் முதல் சில செ.மீ. தூக்குவதற்கு அதன் தாழ்ந்த உயரம் கைகொடுக்கும்.

கேள்வி: என்னிடம் இரும்பு பம்பரும் லீஃப் ஸ்பிரிங்கும் கொண்ட பழைய ஜீப் இருக்கிறது. ஹை-லிஃப்ட் ஜாக்கியையே பயன்படுத்துகிறேன். வண்டியை இறக்கும்போது கைப்பிடி திடீரென்று மேலே எகிறி முகத்தை உரசிக்கொண்டு போனது. ஜாக்கியில் பழுதா?
– வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: பழுதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அந்த ஜாக்கி வேலை செய்யும் முறையே அப்படி. ஏற்றும்போது நீங்கள் கைப்பிடியை அழுத்துகிறீர்கள். பொறிக்குள் இருக்கும் ஊசிகள் இரண்டும் மாறி மாறித் துளைகளில் நுழைந்து எடையை ஏற்றுக்கொள்கின்றன. இறக்கும்போது நிலைமை தலைகீழ். வண்டியின் எடை கைப்பிடியை மேல்நோக்கித் தள்ளுகிறது, உங்கள் கைதான் அதைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. பாதியில் கை வழுக்கினால், வண்டி தரைக்கு வரும்வரை கைப்பிடி தானாகவே மேலும் கீழும் வெறி பிடித்ததுபோல் அடித்துக்கொள்ளும். தாடையும் கையெலும்பும் முறிந்துபோவது இந்த நொடியில்தான். உரசலோடு தப்பித்ததை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றுவதிலிருந்து இறக்குவதற்குத் திசை மாற்றும் கொண்டியைத் தொடுவதற்கு முன் கைப்பிடி கம்பத்தோடு ஒட்டி நிமிர்ந்து நிற்க வேண்டும். இதற்கு விலக்கே கிடையாது. இறக்கும்போது கைப்பிடியின் நுனியை இரு கைகளாலும் பிடித்து, தலையையும் மார்பையும் அது நகரும் வழியிலிருந்து விலக்கிப் பக்கவாட்டில் நில்லுங்கள். கையுறை எண்ணெய்ப் பசையில்லாமல் இருக்கட்டும். இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும்: ஜாக்கியின் மேல் ஏறத்தாழ 68 கிலோவாவது எடை இருந்தால்தான் அது படிப்படியாக இறங்கும். டயர் தரையைத் தொட்டு எடை குறைந்ததும் பொறி ஒரேயடியாகக் கீழே சரியும். அந்த நேரத்தில் விரல்கள் கம்பத்தின் அருகே இருக்கக் கூடாது.

ஊசிகள் சிக்குவதற்குப் பெரும்பாலும் காரணம் கெட்டியான கிரீஸ்தான். மலைச் சாலையின் புழுதி கிரீஸில் ஒட்டிக் களிம்பாகி, ஊசியைத் துளைக்குள் முழுமையாகப் போக விடாது. பாதி நுழைந்த ஊசியின் மேல் வண்டி நிற்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவி, நன்றாகத் துடைத்து, மெல்லிய எண்ணெய் சில துளிகள் மட்டும் விடுங்கள். ஊசிகளின் விளிம்பு மழுங்கியிருந்தால் தயங்காமல் புதிதாக மாற்றிவிடுங்கள்.

உங்கள் ஜீப் மிகப் பழையதாக இருக்குமானால், ஹேண்ட்பிரேக் எங்கே பிடிக்கிறது என்பதையும் பாருங்கள். வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்புகளிலும் பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரிலும் ஹேண்ட்பிரேக் சக்கரங்களைப் பிடிக்காது. எஞ்சின் சக்தியைப் பின்பக்கத்துக்குக் கொண்டுபோகும் சுழல்தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டை மட்டுமே பிடிக்கும். ஒரு பின்சக்கரத்தைத் தூக்கிய உடனே, அந்தச் சக்கரம், இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு வழியாக ஒரு திசையில் சுழல, தரையில் இருக்கும் மறுசக்கரம் எதிர்த் திசையில் உருளத் தொடங்கிவிடும். ஹேண்ட்பிரேக் இறுகப் போட்டிருந்தும் வண்டி நகர்ந்து ஜாக்கியிலிருந்து விழுவது இதனால்தான். அப்படிப்பட்ட ஜீப்பில் நான்கு சக்கர இயக்கத்தையும் ஈடுபடுத்தி, முன்சக்கர ஹப்புகளில் (சக்கரத்தின் நடுப்பகுதியில்) பூட்டு இருந்தால் அவற்றையும் பூட்டி, கியரில் நிறுத்துங்கள். டிஃபெண்டரில் நடு டிஃபரென்ஷியலைப் பூட்டுங்கள். எந்த வண்டியானாலும், மூலைக்கு மூலை எதிராக உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடாதீர்கள்.

கேள்வி: வண்டி ஜாக்கியில் நிற்கும்போது அடியில் சிக்கிய கல்லை எடுக்க ஒரு நிமிடம் உள்ளே போய் வரலாமா?
– வாசகி, தென்காசி

பதில்: கூடாது. ஒரு நிமிடத்துக்குக்கூடக் கூடாது. கல்லை வெளியில் இருந்தபடியே கம்பியாலோ கழியாலோ தள்ளுங்கள். சக்கரம் மாற்றும்போதும் தூக்கியவுடன் ஸ்டெப்னியைச் சேசிஸுக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள்; பஞ்சரான சக்கரம் கழன்றதும் அதை அடியில் தள்ளிவிட்டு ஸ்டெப்னியை எடுங்கள். ஜாக்கி சரிந்தாலும் வண்டி சக்கரத்தின் மேல்தான் விழும்.

கேள்வி: வார இறுதிகளில் நண்பர்களோடு பாலைவன மணலில் ஓட்டுகிறேன். காற்றைக் குறைத்து ஓட்டும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடுகிறது. மணலில் ஜாக்கி புதைந்துபோகிறது. புகைக்குழாயில் இணைத்து ஊதும் பை ஜாக்கி நல்லதா?
– வாசகர், சார்ஜா

பதில்: மணலில் முதலில் தேவைப்படுவது அகலமான அடிப்பலகை. ஹை-லிஃப்டின் பாதம் ஏறத்தாழ 180 சதுர செ.மீ. பரப்பு கொண்டது. அதன் மேல் 600 கிலோ வந்தால் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 3.3 கிலோ விழுகிறது. மணல் அதைத் தாங்காது. அதே எடையை 30 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவுள்ள பலகையில் இறக்கினால் அது 0.7 கிலோவுக்கும் கீழே போய்விடும். பலகை 18 மி.மீ. கனத்துக்குக் குறையாத பிளைவுட்டாக இருக்கட்டும். மேலாக இருக்கும் பொலபொலப்பான மணலை வாரிவிட்டு, அடியில் இறுகிய மட்டத்தில் பலகையைச் சமமாகப் பதித்து, நடுவில் ஜாக்கியை நிறுத்துங்கள். தூத்துக்குடி மாவட்டத் தேரிக்காட்டுச் செம்மணலில் ஓட்டுகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

பை ஜாக்கி மணலுக்காகவே பிறந்தது என்று சொல்லலாம். அதன் பலம் அழுத்தத்தில் இல்லை, பரப்பில் இருக்கிறது: 60 செ.மீ. விட்டமுள்ள பை, சதுர செ.மீ.க்குக் கால் கிலோ அழுத்தத்திலேயே ஏறத்தாழ 700 கிலோவைத் தூக்கிவிடும். இரண்டு புகைக்குழாய் உள்ள வண்டிகளில் மற்றொரு குழாய் வழியாகப் புகை வெளியேறிவிடுவதால், கம்ப்ரசராலும் நிரப்பக்கூடிய வகையாகப் பார்த்து வாங்குங்கள். பைக்கும் வண்டிக்கும் இடையில் தடித்த ரப்பர் விரிப்பைப் போட்டு, சூடான புகைக்குழாயும் கூரான முனைகளும் பையைத் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு குறை: பையின் மேல் நிற்கும் வண்டி பக்கவாட்டில் ஆடும். சக்கரத்துக்கு அடியில் மணலை நிரப்பவும், சக்கரம் பிடித்து ஏற உதவும் ஏணிப் பலகையைச் செருகவும் அது ஏற்றது. நட்டுகளை முறுக்கிச் சக்கரம் மாற்றும் வேலைக்கு, பலகை மேல் நிறுத்திய பாட்டில் ஜாக்கியே பாதுகாப்பு.

ரிம்மை விட்டுக் கழன்ற டயரை அங்கேயே சரிசெய்யலாம். சக்கரத்தைத் தூக்கி, ரிம் விளிம்பிலும் டயரின் உள்ஓரத்திலும் இருக்கும் மணலைத் தூரிகையால் துடைத்து, தண்ணீர் விட்டு ஈரமாக்கி, வால்வு ஊசியைக் கழற்றிவிட்டுக் கம்ப்ரசரை வையுங்கள். ஊசி இல்லாததால் காற்று வேகமாகப் புகும், பெரும்பாலும் டயர் 'டப்' என்ற ஓசையோடு உட்கார்ந்துவிடும். உட்காரவில்லையென்றால் டயரின் சுற்றளவில் இறுக்குப் பட்டையைப் போட்டு முறுக்கிப் பாருங்கள். எரியும் திரவத்தைத் தெளித்துத் தீ வைத்து டயரை உட்கார வைக்கும் வித்தையை நண்பர்கள் யாராவது செய்து காட்ட முன்வந்தால், தயவுசெய்து தடுத்துவிடுங்கள். மணற்குன்றுகளில் டயரின் காற்றழுத்தத்தை 12 முதல் 15 பி.எஸ்.ஐ. வரை வைத்து ஓட்டுவது வழக்கம். அதற்கும் கீழே இறக்கியிருக்கும்போது ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினால் டயர் கழலத்தான் செய்யும்.

கேள்வி: ஜாக்கியை வண்டியில் எங்கே வைத்துக்கொண்டு போவது? பாட்டில் ஜாக்கியில் எண்ணெய் கசிகிறது. பின்னிருக்கைக்கு அடியில்தான் போட்டிருக்கிறேன்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பாட்டில் ஜாக்கியைப் படுக்க வைக்கக் கூடாது. படுத்த நிலையில் குலுங்கிக்கொண்டே போனால் எண்ணெய் கசிவதோடு உள்ளே காற்றும் புகுந்துவிடும். பிறகு எவ்வளவு அடித்தாலும் ஜாக்கி தண்டு ஏறாது. தண்டை முழுவதும் இறக்கி, வால்வை மூடி, நிமிர்த்தி வைத்து, அசையாதபடி பட்டை போட்டுக் கட்டுங்கள். ஏற்கனவே காற்று புகுந்திருந்தால், வால்வைத் திறந்துவைத்துச் சுமையில்லாமல் பலமுறை அடித்துவிட்டு, எண்ணெய் குறைந்த அளவுக்கு ஹைட்ராலிக் ஜாக்கிக்குரிய எண்ணெயை ஊற்றுங்கள். பிரேக் ஆயில் ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும்.

இருக்கைக்கு அடியில் கட்டாமல் போடுவதை இன்றே நிறுத்துங்கள். ஹை-லிஃப்ட் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: 48 அங்குல ஜாக்கி ஏறத்தாழ 13 கிலோ, வண்டி புரண்டால் உள்ளே இருப்பவர்களைத் தாக்கும் முதல் பொருள் அதுவாகத்தான் இருக்கும். அதை வெளியில், ஸ்டெப்னி தாங்கியிலோ கூரைச் சட்டத்திலோ இரண்டு இடங்களில் போல்ட் போட்டுப் பிணைப்பது நல்லது. கூரையில் வைத்தால் வண்டியின் மேல்பாரம் கூடுவதையும், அவசரத்தில் சாய்ந்து நிற்கும் வண்டியின் மேலிருந்து 13 கிலோவை இறக்க வேண்டியிருப்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். வெளியில் மாட்டும்போது, பொறி இருக்கும் பகுதியை மட்டுமாவது தார்ப்பாய்த் துணியால் மூடி, கைப்பிடி ஆடாமல் பழைய டியூப் துண்டால் கம்பத்தோடு இறுக்கிக் கட்டுங்கள். அடிப்பலகை, வீல் ஸ்பேனர், சக்கரக் கட்டைகள், கையுறை ஆகியவை ஜாக்கிக்குப் பக்கத்திலேயே, பெட்டி படுக்கைகளை இறக்காமல் எடுக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். கனமான மூட்டைகளுக்கு அடியில் வைத்துவிட்டால், சேற்றில் சாய்ந்த வண்டியின் பின்கதவைத் திறந்து எல்லாவற்றையும் மழையில் இறக்கி வைத்த பிறகுதான் ஜாக்கி கைக்கு வரும்.