ஃபேன்சி ஸ்டோரில் இருக்கும் ‘ஃபேன்சி’க்கும் கற்பனைக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பே உண்டு. ‘ஃபேன்சி’ என்பது கற்பனையைக் குறிக்கும் ‘ஃபேன்டசி’ என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். இங்கிலாந்தில் 15ஆம் நூற்றாண்டு வாக்கில் பேச்சு வழக்கில் தேய்ந்து இப்படி ஆனது.

மூலம் கிரேக்கம். ‘ஃபன்டாசியா’ என்றால் மனதுக்குத் தோன்றுவது, மனக்கண்ணில் தெரியும் உருவம். காட்டுதல், வெளிப்படுத்துதல் என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. அரிஸ்டாட்டில் இதை ஒளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு இணைத்தார்: வெளிச்சம் இல்லாமல் பார்க்க முடியாதல்லவா? எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இது. கிரேக்கத்திலிருந்து லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பேயுருவைக் குறிக்கும் ‘ஃபேன்டம்’கூட இதே குடும்பம்தான்.

சரி, கற்பனை எப்படி அலங்காரம் ஆனது? மனம் எதை நினைத்துக்கொண்டே இருக்கிறதோ அதன்மேல் ஆசை வரும். அதனால் ‘ஃபேன்சி’க்கு விருப்பம் என்ற பொருளும் சேர்ந்தது. பிரிட்டனில் இன்றும் தேநீர் குடிக்கத் தோன்றினால் இந்தச் சொல்லைத்தான் வினையாகச் சொல்வார்கள். அப்புறம், தேவைக்காக இல்லாமல் ரசனைக்காகச் செய்த பொருள் ‘ஃபேன்சி’ பொருள் ஆனது. வளையல், பொட்டு, ரிப்பன் விற்கும் நம் ஊர்க் கடைக்கு வந்த பெயர் அந்தப் பொருளில்தான். வண்டிக்குக் கூடுதல் பணம் கட்டி வாங்கும் ‘ஃபேன்சி நம்பர்’ மட்டும் விருப்பத்துக்கும் அலங்காரத்துக்கும் நடுவே நிற்கிறது.

ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1817இல் ‘ஃபேன்சி’யைக் கற்பனையிலிருந்தே பிரித்துவிட்டார். அவர் பார்வையில் கற்பனை புதிதாகப் படைப்பது. ‘ஃபேன்சி’ நினைவில் ஏற்கெனவே இருப்பவற்றை எடுத்து அடுக்குவது.