தசைச் சிதைவு உள்ள பிள்ளைக்குத் தண்ணீரைக் குறைக்கலாமா?

கேள்வி: டூஷேன் தசைச் சிதைவு உள்ள என் ஆறு வயது மகனின் தசையில் நீர்க்கால்வாய்ப் புரதம் குறைந்திருக்கும் என்று படித்தேன். கெண்டைக்கால் பெருத்திருப்பது நீர் கோத்ததாலா? தண்ணீரைக் குறைக்கலாமா?

பதில்: குறைக்காதீர்கள். அது நீர் வீக்கமே இல்லை.

என் அக்கா மகனுக்கும் இதே நோய்தான். கோத்தகிரியில் இருக்கிறோம். ஐந்து வயதில் அவன் தரையிலிருந்து எழுந்திருக்கும் விதமே வேறு. முதலில் கையும் காலும் ஊன்றுவான், அப்புறம் ஒரு கை முழங்காலுக்குப் போகும், பிறகு தொடைக்கு. தன் காலையே பிடித்துத் தன்மேல் தானே ஏறுகிற மாதிரி இருக்கும். கெண்டைக்கால் மட்டும் பயில்வானுக்கு இருப்பதுபோல் திரண்டிருக்கும். நீர் வீக்கத்தில் விரலால் அழுத்தினால் குழி விழும், இதில் விழாது. சிதைந்த தசை இருந்த இடத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் சேர்ந்துகொள்கின்றன. இது தெரியாமல், "நீர் இறங்கியிருக்கு" என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு மாதம் அவனுக்குத் தண்ணீரை அளந்து கொடுத்தோம். "மாமா, இன்னொரு டம்ளர்" என்று அவன் கேட்டது இன்னும் உறுத்துகிறது.

நீங்கள் படித்ததும் தப்பில்லை. அந்தப் புரதம் அக்வாபோரின்-4. வேகமாகச் சுருங்கும் தசை இழைகளின் சவ்வில் அதிகம் இருக்கும். பம்பு இல்லை, தண்ணீர் போய்வர ஒரு வழி, அவ்வளவுதான். (இந்தப் புரதக் குடும்பத்தைக் கண்டுபிடித்த பீட்டர் அக்ரேவுக்கு 2003-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.)

எங்கள் பக்கம் மேட்டு ஊற்றிலிருந்து கறுப்பு ஹோஸ் போட்டு வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருவோம். ஹோஸைத் தடுப்புச் சுவரோடு கம்பியால் கட்டியிருப்போம். மழையில் சுவர் சரிந்தால் ஹோஸும் கழன்றுவிடும். தசை இழையின் சவ்வைத் தாங்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம்தான் அந்தச் சுவர், அதோடு ஒட்டியிருக்கும் சின்ட்ரோஃபின் என்ற புரதம் கம்பி, அக்வாபோரின் ஹோஸ். டூஷேனில் டிஸ்ட்ரோஃபின் கிட்டத்தட்ட உருவாவதே இல்லை. அதனால் மற்ற இரண்டும் சவ்வில் நிற்காமல் குறைகின்றன. சுவர் சரிந்ததால்தான் ஹோஸ் கழன்றது, ஹோஸ் கழன்றது சுவர் சரியக் காரணம் இல்லை. அக்வாபோரின்-4 இல்லாமலே வளர்த்த எலிகளுக்குத் தசைச் சிதைவு வரவில்லை என்பது இதற்கு நல்ல சாட்சி. குடிக்கிற தண்ணீரைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்தப் புரதம் திரும்ப வராது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். இந்த நோய்க்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்த பிறகு முகம் உப்பலாம். அப்போது டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னால் கேளுங்கள். அது மாத்திரையால் வருவது, அந்தக் கணக்கு வேறு. மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து.

இன்னொன்று. உங்கள் பையன் பள்ளியில் தண்ணீர் குடிக்கிறானா என்று விசாரியுங்கள். எங்கள் பையனின் பாட்டில் தினமும் நிறைந்தபடியே திரும்பி வந்தது. கழிப்பறைக்கு ஏழு படி இறங்க வேண்டும் என்பதால் குடிக்காமலே இருந்திருக்கிறான். அக்கா போய்ப் பேசினாள். இப்போது ஆசிரியர்களுக்கான கழிப்பறையைத் திறந்துவிடுகிறார்கள். பாட்டிலும் காலியாக வருகிறது.