ரயிலடி: உங்கள் கேள்விகள்

கேள்வி: என் மகன் கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டும் விளையாட்டு ஆடுகிறான். எங்கே பார்த்தாலும் 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்', 'மல்லார்ட்' என்ற பெயர்கள்தான். உலகத்தில் வேறு நீராவி இன்ஜினே ஓடவில்லையா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: ஓடின, ஆயிரக்கணக்கில். ஆனால் இங்கிலாந்தின் இந்த இரண்டைப் பற்றி எழுதி வைத்த அளவுக்கு மற்றவற்றைப் பற்றி எழுதி வைக்கவில்லை. ஒரு இன்ஜினை விளையாட்டுக்குள் கொண்டுவர அதன் படம் மட்டும் போதாது. எந்த ஏற்றத்தில், எத்தனை பெட்டியோடு, என்ன வேகத்தில் போனது என்ற கணக்கும் வேண்டும்.

இங்கிலாந்தில் 'தி ரயில்வே மேகசின்' 1897-ல் தொடங்கியது. இன்ஜின்களின் ஓட்டத்தை மட்டுமே அலசும் தொடர் ஒன்று அதில் 1901-லிருந்து வந்தது. சிசில் ஜே. ஆலன் என்பவர் 1909 முதல் 1958 வரை அதை எழுதினார். கிட்டத்தட்ட ஐம்பது வருஷம்! ஜன்னலோரம் உட்கார்ந்து, மைல்கல்லுக்கு மைல்கல் நேரம் குறித்து எழுதிய கணக்குகள் அதில் மாதாமாதம் அச்சாகின. அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் கை கூப்பத் தோன்றும்.

மல்லார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1938 ஜூலை 3-ம் தேதி, ஸ்டோக் இறக்கத்தில் மணிக்கு 126 மைல், அதாவது சுமார் 203 கிலோமீட்டர் வேகம். கூடவே ஒரு அளவீட்டுப் பெட்டியை இணைத்திருந்தார்கள். அதற்குள் காகிதச் சுருள் ஓட, அதில் வேகம் கோடாகப் பதிந்தது. அந்தச் சுருள் இல்லாவிட்டால் இந்தக் கதையே நமக்கு வந்து சேர்ந்திருக்காது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேகம் இல்லை, சோம்பு. இந்த வகை இன்ஜினில் மூன்று சிலிண்டர். நடு சிலிண்டரின் பேரிங் சக்கரங்களுக்கு நடுவே மறைந்திருப்பதால், சூடானால் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் அங்கே சோம்பு எண்ணெய்க் குப்பி ஒன்றை வைத்தார்கள். சூடு மிஞ்சினால் குப்பி உடைந்து வாசனை வரும். அன்றைக்கும் அந்த பேரிங்தான் சூடேறிப் பழுதானது. பீட்டர்பரோவில் மல்லார்டைக் கழற்றிவிட்டு, வேறு இன்ஜின்தான் ரயிலை லண்டனுக்கு இழுத்துப் போனது. நான் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பேரிங் சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்துப் பழகிய மனுஷர். இந்தச் சோம்புக் கதையைச் சொன்னபோது, "யோசிச்சவன் வேலை தெரிஞ்சவன்டா" என்றார்.

ஸ்காட்ஸ்மேன் 1923-ல் டான்காஸ்டரில் கட்டியது. 1934-ல் அதிகாரப்பூர்வமாக மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொட்டது. 2001-ல் வந்த 'மைக்ரோசாஃப்ட் ட்ரெய்ன் சிமுலேட்டர்' அதை செட்டில்–கார்லைல் பாதையில் ஓடவிட்டது. மகனிடம் ஒன்று சொல்லுங்கள்: தானியங்கி ஃபயர்மேனை நிறுத்திவிட்டு, கரியையும் தண்ணீரையும் அவனே பார்த்துக்கொண்டு ஒரு முறை மேட்டில் ஏற்றட்டும். சிலிண்டருக்கு நீராவி விடும் ரெகுலேட்டரை முழுசாகத் திறந்தாலும், பாய்லரில் ஸ்டீம் இறங்கிவிட்டால் வண்டி நகராது என்று அப்போது புரியும். வெறும் வேகப் போட்டியில் இது கிடைக்காது.

கேள்வி: 'டிரான்ஸ்போர்ட் டைக்கூன்' விளையாட்டில் 'கின்சு ஏ4' என்று ஒரு இன்ஜின் வருகிறதே, அப்படி ஒன்று உண்டா?
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: கின்சு கற்பனை, ஏ4 நிஜம். மல்லார்ட் அந்த ஏ4 வகையைச் சேர்ந்ததுதான். அதே விளையாட்டின் இலவச வடிவமான 'ஓப்பன் டிடிடி'யில், ஆர்வலர்கள் உண்மையான இன்ஜின்களை வரைந்து சேர்த்த தொகுப்புகள் உண்டு. அவற்றைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: மறைந்த என் அப்பா, ஊட்டி ரயிலில் போகும்போதெல்லாம் நேரம் குறித்த நோட்டுகளையும் பத்திரிகைத் துணுக்குகளையும் ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார். வீடு மாறுகிறோம். பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாமா?
(வாசகி, மேட்டுப்பாளையம்)

பதில்: வேண்டாம் அம்மா, தயவுசெய்து போடாதீர்கள். துணுக்குகள் வேறு வீட்டிலும் இருக்கலாம். அந்த நோட்டுகள் உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கின்றன. அந்தப் பாதையின் எக்ஸ் வகை இன்ஜினுக்கு இரண்டு ஜோடி சிலிண்டர்கள். கல்லாறு வரை கீழ் ஜோடி மட்டும் வேலை செய்யும். அப்புறம் தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை உள்ள பல்சக்கரப் பாதை தொடங்கியதும், கீழே வேலை முடித்த நீராவியே மேல் ஜோடிக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். அந்த மாற்றம் நடக்கும் இடத்தில் வேகம் எப்படி மாறியது என்பது உங்கள் அப்பாவின் நோட்டில் இருக்கக்கூடும். ஒரு கிலோமீட்டருக்கு ஆன நொடிகளால் 3600-ஐ வகுத்தால் வேகம் வந்துவிடும். 240 நொடி என்றால் மணிக்கு 15 கிலோமீட்டர்.

முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். தேதி, இன்ஜின் எண் இருக்கும் பக்கங்களைத் தனியாக அடுக்குங்கள். பிரதிகளை இந்தப் பகுதிக்கு அனுப்பினால், அட்டவணையாகப் போட்டுத் தருவது என் பொறுப்பு.