வெயிஸ்ட்கோட்டில் தொங்கும் தங்கம்

கேள்வி: பழைய ஆங்கிலேயர் படங்களில் வெயிஸ்ட்கோட்டின் (கோட்டுக்குள் போடும் கையில்லாத மேலங்கி) நடுவே, கடிகாரச் சங்கிலியில் ஒரு தங்கப் பதக்கம் தொங்குகிறதே, அது நகையா? அவ்வளவு விறைப்பான ஆட்கள் எப்படி ஒத்துக்கொண்டார்கள்?

பதில்: நகைதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் பெரும்பாலும் கடைக்குப் போய்த் தனக்கென்று வாங்கியது இல்லை, சூட்சுமமே அங்கேதான். விக்டோரியா காலத்து பிரிட்டனில் கௌரவமான ஆண்பிள்ளை மோதிரம், டை பின், கடிகாரச் சங்கிலி என்று அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அதற்கு மேல் மின்னினால் பகட்டுப் பேர்வழி என்பார்கள். பதக்கத்தைப் பார்த்து யாரும் அப்படி வாய் திறக்க முடியாது, ஏனென்றால் அது கிளப்போ முதலாளியோ ஊரோ கொடுத்தது. ராணியின் கணவர் பெயரால் 'ஆல்பர்ட்' எனப்பட்ட அந்தச் சங்கிலியின் ஒரு முனையில் பாக்கெட் வாட்ச் இருக்கும், குறுக்குக் கம்பி பொத்தான் துளையில் மாட்டியிருக்கும், அங்கிருந்து ஒரு துண்டுச் சங்கிலி இறங்கும், அதன் நுனியில்தான் பதக்கம். சரியாகத் தொப்பைக்கு மேலே, எதிரில் நிற்பவர் கண்ணில் படாமல் போகவே போகாது!

கால்பந்து, கிரிக்கெட், படகுப்போட்டி எல்லாவற்றுக்கும் கொடுத்தார்கள். அமெச்சூர் ஆட்டக்காரர் காசு வாங்கினால் அமெச்சூர் என்ற தகுதியே போய்விடும், பதக்கம் வாங்கினால் பிரச்சினை இல்லை. ஆஸ்திரேலியாவில், முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பையன்களுக்குச் சிற்றூர் மக்களே பணம் திரட்டி, பெயர் பொறித்த தங்கப் பதக்கத்தை ஊர் கூடிக் கொடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த வகை இதுதான். அரசாங்கம் தந்த போர்ப் பதக்கத்தை விசேஷ நாளில்தான் அணிவார்கள், இதையோ வாட்சோடு தினமும் மாட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: அப்படி ஒன்று கையில் கிடைத்தால் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தில் கேடய வடிவில் உள்ள இடத்தில் பெயரின் முதலெழுத்துகள் மட்டும் இருக்கும், சிலதில் அதுவும் கிடையாது. யாருக்கு, எதற்கு, எந்த வருடம் என்பதெல்லாம் பின்பக்கத்தில்தான். கூடவே '9', '.375' என்ற முத்திரை இருந்தால் 9 கேரட், அதாவது 37.5 சதவீதம் தங்கம். நங்கூர முத்திரை இருந்தால் தங்கத்தின் தரத்தை பர்மிங்காமில் சோதித்தது, சிறுத்தைத் தலை என்றால் லண்டன், பக்கத்தில் உள்ள ஒற்றை எழுத்து வருடத்தைக் குறிக்கும். ஆனால் அதே எழுத்து சில பத்தாண்டுகளில் வேறு வடிவத்தில் திரும்ப வரும் என்பதால் அட்டவணையோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆஸ்திரேலியப் பதக்கங்களில் இந்த நகர முத்திரைகள் பொதுவாக இருக்காது, செய்தவர் பெயரும் கேரட்டும் மட்டும் இருக்கும், அதற்காகப் போலி என்று நினைத்துவிடாதீர்கள். அப்புறம், பளபளப்பாக்குகிறேன் என்று தேய்க்க வேண்டாம். பெயர் மங்கிப்போனால் சேகரிப்பவர்கள் எடைக்குத்தான் விலை பேசுவார்கள்.

கேள்வி: பிறகு ஏன் வழக்கொழிந்தது?

பதில்: முதல் உலகப் போருக்குப் பின் ஆண்களிடையே கைக்கடிகாரம் பரவியது, வெயிஸ்ட்கோட்டும் மெல்ல மெல்லப் போனது. மாட்ட இடமில்லை. பல பதக்கங்கள் வீட்டுப் பெண்களின் கழுத்துச் சங்கிலிக்குப் போய்விட்டன.